சிக்கல், திருவாரூர், தஞ்சாவூர்: ‘தில்லானா மோகனாம்பாள்’ ஊர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

‘தில்லானா மோகனாம்பாள்’ பார்த்துவிட்டு, “இந்த ஊர்களெல்லாம் எங்கே இருக்கின்றன, போய்ப் பார்க்க முடியுமா?” என்று கேட்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கேமரா நின்ற இடத்தைத் தேடிக் கிளம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 1968இல் வந்த படம் அது. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றைப் போல இதிலும் பெரும்பகுதி சென்னை ஸ்டூடியோக்களில் போட்ட செட். மண்டபம், மேடை, வீட்டு முற்றம் எல்லாம் படம் முடிந்ததும் பிரித்துப் போடப்பட்டவை.

ஆனால் இந்தப் படத்துக்கு வேறொரு விலாசம் இருக்கிறது. அது கதாபாத்திரங்களின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம். நாயகி திருவாரூர் மோகனாம்பாள். இரண்டுமே இன்றைக்கும் பஸ்ஸிலும் ரயிலிலும் போய் இறங்கக்கூடிய ஊர்கள். ஒரு நாயனக்காரருக்கும் (நாகஸ்வரம் வாசிப்பவருக்கும்) ஒரு நாட்டியக்காரிக்கும் ஏன் இந்த ஊர்களை வைத்தார்கள் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், காவிரி டெல்டாவின் இசை, நாட்டிய வரலாறே கண்முன் விரியும். இந்தக் கட்டுரை அப்படிப் போக நினைக்கிற புதியவர்களுக்கானது.

எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு படத்தின் ‘இடம்’ என்று மூன்றைச் சொல்லலாம். படம் பிடித்த இடம் ஒன்று. கதை நடப்பதாகச் சொல்லும் இடம் இன்னொன்று. அந்தக் கதைக்கு உயிர் கொடுத்த வாழ்க்கை நிஜமாகவே நடந்த இடம் மூன்றாவது. தேடலில் இறங்குகிறவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வழியில் சோர்ந்துபோகிறார்கள்.

இந்தப் படத்தைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் வளமானது. அதனால் நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போட்டுக்கொண்டு, மூன்றாவதை அகலமாக விடுங்கள்.

படத்தைக் காதால் பாருங்கள்

முதல் தடவை ரசிப்பதற்காகப் பாருங்கள். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ், மனோரமா எல்லாரும் இருக்கிற படத்தை நோட்டும் கையுமாகத் தொடங்குவது அநியாயம். இரண்டாம் தடவை எழுதுங்கள். யார் வாயில் எந்த ஊர்ப் பெயர் வருகிறது, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் கிளம்புகிறார்கள், கச்சேரி எந்த விழாவுக்கு என்பதையெல்லாம் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப் போடும்போது ஓட்டிவிடாதீர்கள். டைட்டிலில் வரும் பெயர்களே பாதித் தடயம். திரையில் சிவாஜி கையில் இருக்கும் நாயனத்துக்கு உண்மையில் மூச்சு கொடுத்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இசை கே.வி. மகாதேவன். கதை கொத்தமங்கலம் சுப்பு. திரைக்கதையும் இயக்கமும் ஏ.பி. நாகராஜன். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு ஊரோ நிறுவனமோ இருக்கிறது.

என்ன வாசிக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தில் நாயனத்தில் வரும் ‘நகுமோமு’ தியாகராஜ சுவாமிகளின் ஆபேரி ராகக் கீர்த்தனை. அவர் பிறந்தது திருவாரூரில். மோகனாம்பாளின் ஊரில் பிறந்தவர் செய்த பாட்டைச் சிக்கல்காரர் வாசிக்கிறார். இதைத் திட்டமிட்டு வைத்தார்களா என்பது வேறு விஷயம். தேடிப் போகிறவருக்கு இது ஒரு கொக்கி.

பத்திரிகைத் தாளில் இருக்கும் கதை

படத்துக்கு முன்னால் இது தொடர்கதை. 1950களில் ஆனந்த விகடனில் ‘கலைமணி’ என்ற புனைபெயரில் சுப்பு எழுதினார். கோபுலு படம் போட்டார். பின்னர் புத்தகமாகவும் வந்தது. மூன்று மணி நேரப் படத்தில் அடங்காத ஊர்களும் மனிதர்களும் நாவலில் நிறைய உண்டு. அதனால் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். நாவலைப் படித்து, ஊர்ப் பெயர்களை அதே நோட்டில் வேறு மையில் எழுதுங்கள்.

புத்தகம் கிடைத்தால் போதும் என்று நிற்காமல், தொடராக வந்த இதழ்களையும் ஒருமுறை பார்க்க முயலுங்கள். காரணம் கோபுலுவின் படங்கள். அவர் தஞ்சாவூரில் பிறந்தவர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். மேளக்காரர் உட்கார்ந்திருக்கும் விதம், தவில் மாட்டியிருக்கும் விதம், நாட்டியக்காரியின் தலை அலங்காரம், திண்ணை, தூண் என்று அவர் கோட்டில் வருவதெல்லாம் சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகிய ஒருவரின் கோடுகள். படத்தின் செட்டைவிட இந்த ஓவியங்களை நான் அதிகம் நம்புவேன். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் இதழ்களைத் தேட நல்ல இடம். எந்த ஆண்டு, எந்த இதழ் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். பழைய தாள்களில் தேடும்போது இன்றைய மாவட்டப் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் அகப்படாது. கதை எழுதிய காலத்திலும் படம் வந்த காலத்திலும் சிக்கல், திருவாரூர், மாயவரம், கும்பகோணம் எல்லாமே தஞ்சாவூர் ஜில்லா. நாகப்பட்டினம் 1991இல்தான் தனி மாவட்டமானது. திருவாரூர் 1997இல், மயிலாடுதுறை 2020இல். ‘தஞ்சை ஜில்லா’, ‘மாயவரம்’ என்று தேடிப் பாருங்கள், அப்புறம் கதவுகள் திறக்கும்.

எது ஊர், எது கதை

இப்போது நோட்டில் நிறையப் பெயர்கள் சேர்ந்திருக்கும். பிரிக்க வேண்டும். சிக்கல், திருவாரூர், தஞ்சாவூர் நிஜ ஊர்கள். சிங்கபுரம் மைனர், மதன்பூர் மகாராஜா ஆகியோரின் ஊர்களைக் கதைக்காக வைத்த பெயர்களாக எடுத்துக்கொள்ளுங்கள். அதே பெயரில் வரைபடத்தில் ஏதாவது தென்பட்டாலும் வண்டி ஏறிவிடாதீர்கள்.

ஊர்ப் பெயரை முன்னொட்டாக வைத்துக்கொள்வது நம் இசைக்காரர்களின் வழக்கம் என்பது தெரிந்ததுதான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, திருவீழிமிழலை சகோதரர்கள், காருகுறிச்சி அருணாசலம், தவிலுக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. நாட்டியத்தில் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வழுவூர் ராமையா பிள்ளை. இந்தப் பெயர்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். காருகுறிச்சியைத் தவிர மற்ற எல்லாப் புள்ளிகளும் தஞ்சாவூருக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கமாக விழும். சுப்பு தன் நாயகனுக்கும் நாயகிக்கும் ஊர் தேர்ந்தெடுத்தது இந்த வட்டத்துக்குள்தான்.

கோயில் வழக்கில் நாயனம், தவில் கோஷ்டியைப் பெரிய மேளம் என்பார்கள், நாட்டியக் கோஷ்டியைச் சின்ன மேளம் என்பார்கள். ஒரே கோயிலைச் சார்ந்து, பெரும்பாலும் ஒரே சமூகத்துக் குடும்பங்களில் வளர்ந்த இரண்டு கலைகள். படத்தில் நடக்கும் போட்டியும் காதலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் எந்தக் கோயிலிலும் எங்கே நிற்க வேண்டும் என்று தானாகப் புரியும்.

பாதை

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், சிக்கல், நாகப்பட்டினம். நம் கதையின் முதுகெலும்பு இது. படம் வந்தபோது மீட்டர் கேஜ், இப்போது அகலப்பாதை. பஸ்ஸும் தாராளமாக உண்டு. திருவாரூரிலிருந்து சிக்கல் சுமார் 20 கிலோமீட்டர். சிக்கலைத் தாண்டினால் சில நிமிடங்களில் நாகப்பட்டினம்.

திருவாரூரில் தங்குங்கள் என்பது என் யோசனை. தஞ்சாவூரில் தங்கும் வசதிகள் அதிகம், உண்மைதான். ஆனால் திருவாரூர்க் கோயிலின் அழகு சாயங்காலத்தில். கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு அங்கே நிற்கக் கூடாது.

திருவாரூர்

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று ஊரில் சொல்வார்கள். கமலாலயக் குளத்தின் கரையில் நின்று பார்த்தால் அந்தச் சொல்லின் அளவு புரியும். முதல் நாள் கோயிலுக்குள் அவசரமாகப் போகாமல் குளத்தையும் வெளி வீதிகளையும் நடந்து சுற்றுங்கள். சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்த ஊர் இது. மூவருடைய நினைவில்லங்களும் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில்தான் இருக்கின்றன. யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

ஏன் நாட்டியக்காரிக்குத் திருவாரூர்? இதற்கான விடை மூலவர் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே தியாகராஜப் பெருமான் ஆடும் கடவுள். திருமால் அவரைத் தன் மார்பில் வைத்து வழிபட்டதாகவும், திருமாலின் மூச்சுக்கு ஏற்ப அவர் மேலும் கீழும் அசைந்து ஆடியதாகவும், முசுகுந்தச் சக்கரவர்த்தி அவரை இந்த ஊருக்குக் கொண்டுவந்ததாகவும் புராணம். அந்த ஆட்டத்துக்கு அஜபா நடனம் என்று பெயர். வீதியுலாவில் இன்றும் அவரைத் தூக்கி வருகிறவர்கள் அந்த அசைவோடுதான் வருவார்கள். சுற்றியுள்ள ஆறு ஊர்களில் ஆறு விதமாக ஆடுகிறார் என்பதால் மொத்தம் ஏழு ஊர்கள், சப்தவிடங்கத் தலங்கள். திருநள்ளாற்றில் உன்மத்த நடனம், நாகப்பட்டினத்தில் கடலலை போல ஆடும் நடனம், திருக்காறாயிலில் கோழியின் நடை, திருக்குவளையில் வண்டின் சுழற்சி, திருவாய்மூரில் தாமரையின் அசைவு, வேதாரண்யத்தில் அன்னத்தின் நடை. நாட்டியம் படிக்கிறவர்கள் இந்த ஏழையும் ஒரு சுற்றாகப் போய்வரலாம். நேரம் இல்லாதவர்கள் திருவாரூரோடு நாகப்பட்டினத்தைச் சேர்த்துக்கொண்டாலே போதும்.

பெருமானின் திருவுருவம் எப்போதும் மூடியே இருக்கும், முகம் மட்டும்தான் தெரியும். பாத தரிசனம் ஆண்டுக்கு இரண்டே முறை, பங்குனி உத்திரத்திலும் மார்கழித் திருவாதிரையிலும். ஆடுகிற கடவுளின் பாதத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆழித்தேரும் பங்குனித் திருவிழாவை ஒட்டி வரும். ஏறத்தாழ 96 அடி உயரம், 300 டன் எடை கொண்ட தேர் வீதியில் திரும்பும்போது மேளம் என்ன வேலை செய்கிறது என்பதைக் கேட்க வேண்டும். நாயனம் என்பது கச்சேரி மேடைக்காகப் பிறந்த வாத்தியம் இல்லை, திறந்த வெளிக்காகப் பிறந்தது என்பது அப்போது காதுக்கே தெரியும்.

தினசரி நாட்களில் போகிறவர்கள் சாயங்காலத்துச் சாயரட்சை பூஜைக்கு நில்லுங்கள். அந்த நேரத்தில் தேவர்கள் எல்லாரும் இங்கே வந்துவிடுவதாக நம்பிக்கை. திருவாரூருக்கென்றே உரிய வாத்தியங்கள் சில உண்டு. ஐந்து முகம் கொண்ட பஞ்சமுக வாத்தியம், பாரி நாயனம், சுத்த மத்தளம். தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட குடும்பங்கள் வாசித்து வருபவை. பஞ்சமுக வாத்தியத்தை எல்லா நாளும் வாசிக்க மாட்டார்கள், ஆனால் அந்த வெண்கலக் குடத்தைப் பார்ப்பதே ஒரு அனுபவம்.

தேவாசிரிய மண்டபத்தை விட்டுவிடாதீர்கள். ஆயிரங்கால் மண்டபம் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். அதன் விதானத்தில் முசுகுந்தன் கதை 17ஆம் நூற்றாண்டு ஓவியமாக இருக்கிறது. வரைந்தவர் சிங்காதனம் என்று ஓவியத்திலேயே பெயர் எழுதியிருக்கிறார்கள். ஊர்வலம், வாத்தியக்காரர்கள், ஆடும் பெண்கள் எல்லாம் அதில் உண்டு. பெரிய மேளமும் சின்ன மேளமும் ஒரே ஊர்வலத்தில் போன காலத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் இடம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. மண்டபம் பூட்டியிருந்தால் கோயில் அலுவலகத்தில் பணிவாகக் கேளுங்கள். ஓவியத்தில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, கைபடக் கூடாது.

திருவாரூரில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகிறவர்கள் இந்தப் படத்தைப் பாதிதான் பார்க்கிறார்கள். மோகனாம்பாளின் அம்மா வடிவாம்பாள் தன் மகளுக்குப் பணக்கார ஆதரவாளர் வேண்டும் என்று ஏன் அப்படித் துடிக்கிறாள்? மைனரும் ஜமீனும் ஒரு கலைஞியை விலைபேசத் துணிவது எப்படி? தீட்சிதரிடம் படித்த திருவாரூர்க் கமலம் போன்ற பெரும் கலைஞர்களைத் தந்த அதே கோயில் மரபில்தான், பெண்களைப் பொட்டுக்கட்டி, அதாவது கோயிலுக்கு நேர்ந்து, விடும் வழக்கமும், அவர்கள் மேல் பணக்காரர்கள் செலுத்திய அதிகாரமும் இருந்தன. அதை எதிர்த்துக் கடைசிவரை போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பிறந்ததும் இதே திருவாரூரில்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் அவரும் இன்னும் பலரும் கேட்ட தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. மோகனாம்பாளின் பிடிவாதத்தை, தன் கலைக்கும் தன் மனதுக்கும் தானே எஜமானி என்று அவள் நிற்பதை, இந்த ஊரின் தெருவில் நின்று நினைத்துப் பாருங்கள். காதல் கதை வேறொரு கனம் பெறும்.

சிக்கல்

சிக்கல் சின்ன ஊர். ரயில் நிலையம் இருந்தாலும் எல்லா வண்டியும் நிற்காது, பஸ்ஸே வசதி. நவநீதேசுவரர் கோயில்தான் ஊரின் நடு. சிவன் கோயில் என்றாலும் ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவர் சிங்காரவேலர். ‘சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சம்ஹாரம்’ என்ற சொல் முருக பக்தர்கள் எல்லாருக்கும் தெரியும். கந்த சஷ்டியில் சூரசம்ஹாரத்துக்கு முந்தைய நாள் அம்மன் வேல்நெடுங்கண்ணியிடம் வேல் வாங்கும்போது சிங்காரவேலரின் திருமேனி வியர்ப்பதாகப் பக்தர்கள் நம்புகிறார்கள்.

நாயகனுக்குச் சண்முகசுந்தரம் என்று பெயர் வைத்ததன் பொருத்தம் இங்கே வந்ததும் விளங்கும். இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு முருகன் பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பார்கள்? அவனுடைய ரோஷமும் வீரமும்கூட இந்தச் சாமியிடமிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றும். அது ரசனை. ஆதாரம் வேறு.

கோயிலுக்குப் போய்விட்டுச் சுற்றுத் தெருக்களில் ஒரு நடை. அதற்கு மேல் சிக்கலில் ‘படத்துச் சம்பந்தமாக’ எதையும் தேட வேண்டாம். கொஞ்சம் நேரம் இருந்தால் எட்டுக்குடிக்கும் எண்கணுக்கும் போகலாம். சிக்கல், எட்டுக்குடி, எண்கண் மூன்று ஊர் முருகனையும் ஒரே சிற்பி செய்ததாக இந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு.

தஞ்சாவூர்

பெரிய கோயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தேடலுக்கு வேண்டியது இரண்டு செய்தி. ராஜராஜன் தன் கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, சோழநாட்டுக் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தினான். ஒவ்வொருத்தியின் பெயரையும் ஊரையும் வீட்டு வரிசையையும் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். அந்தப் பட்டியலில் ஆரூரிலிருந்து வந்தவர்களும் உண்டு. திருவாரூர் என்று முன்னொட்டு கொண்ட ஒரு நாட்டியக்காரி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருக்கிறாள். வெளிச்சுவர்க் கல்வெட்டுகள் முன்னால் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் மேல்தளத்துச் சுற்றில் 81 கரணச் சிற்பங்கள் (நாட்டிய நிலைகளைக் காட்டுபவை) இருக்கின்றன, பொதுமக்கள் அங்கே ஏற அனுமதி இல்லை. கரணங்களைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சிதம்பரம் கோபுரங்களுக்குப் போங்கள்.

இரண்டாவது செய்தி, தில்லானாவைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள்தான் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் நாட்டியக் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தினார்கள். தஞ்சை நால்வர் என்று சொல்வது இவர்களைத்தான். திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதரின் சீடர்கள் அவர்கள். படத்தின் தலைப்பில் இருக்கும் சொல்லுக்கு ஒரு வீதி உண்டு என்றால் அது தஞ்சாவூர் மேல வீதி, அங்கேதான் அவர்கள் குடும்பத்து வீடு. குடும்ப வீடு என்பதால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்வதே முறை.

நாயனம் பிறக்கும் ஊர்

படத்தில் ஊராக வராத ஒரு இடத்தை நான் கட்டாயம் சேர்ப்பேன். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், ஆடுதுறைக்கு அடுத்துள்ள நரசிங்கம்பேட்டை. நாயனம் செய்கிற ஊர். 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆச்சா மரத்தில் செய்கிறார்கள். புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரம், தூண் போன்ற காய்ந்து இறுகிய மரம்தான் வேண்டும். கடைந்து, துளையிட்டு, சுருதி பார்த்து, அடியில் அணசு என்னும் அகன்ற வாய்ப்பகுதியைப் பொருத்துவதுவரை கை வேலை. வாயில் வைக்கும் சீவாளி தனி வேலை, நாணல் தட்டையில் செய்வது. பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுபடி படத்தைப் பாருங்கள். சண்முகசுந்தரம் நாயனத்தை எடுக்கும் விதமும் வைக்கும் விதமும் புதிதாகத் தெரியும்.

பக்கத்திலேயே திருவாவடுதுறை, ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். 1898இல் பிறந்து 1956இல் மறைந்த அந்த மேதை, நாயனக்காரர் யாருக்கும் தாழ்ந்தவர் இல்லை என்று வாழ்ந்து காட்டியவர். சண்முகசுந்தரத்தின் தன்மானத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். இதை நோட்டில் எழுதுவதானால் ‘என் எண்ணம்’ என்ற தலைப்பின் கீழ் எழுத வேண்டும். சுப்பு அவரை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று அடித்துச் சொல்லிவிடக் கூடாது.

“இங்கேதான் ஷூட்டிங் எடுத்தாங்க”

போகிற இடத்தில் யாராவது இப்படிச் சொல்வார்கள். பாசத்தோடு சொல்வார்கள், அவர்களை மறுத்துப் பேச வேண்டாம். கேட்டுக்கொண்டு, சொன்னவர் நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டதா, எந்த வயதில் என்று விசாரித்து எழுதுங்கள். பிறகு அறைக்குப் போய் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது நிழல். வெயிலில் ஒரு ஆளுக்கு ஒரு நிழல்தான் விழும். செட்டில் பல விளக்குகள் என்பதால் இரண்டு மூன்று நிழல் மங்கலாக விழும். அடுத்து தரை. கோயில் தரைக் கல்லில் மேடு பள்ளமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். தூணின் வேலைப்பாடு, தூண்களுக்கு இடையேயுள்ள தூரம், கோபுரத்தின் நிலைகளின் எண்ணிக்கை இவை மூன்றும் நேரில் பார்த்ததோடு ஒத்துப்போனால்தான் ‘இதுதான்’ என்று எழுதலாம். ஒன்று மட்டும் ஒத்தால் ‘இருக்கலாம்’. வெளியூருக்குப் போய்க் கூட்டத்தையும் கோபுரத்தையும் மட்டும் தனியாகப் படம் பிடித்து, நடிகர்கள் வரும் பகுதியைச் செட்டில் எடுத்து ஒட்டுவதும் அந்தக் காலத்தில் வழக்கம். கோபுரம் நிஜம் என்பதால் அடுத்த காட்சியின் மண்டபமும் நிஜம் ஆகிவிடாது.

ஆட்களிடம் பழகும் முறை

நாயனக்காரர்களிடமும் தவில்காரர்களிடமும் பேசாமல் திரும்பினால் பயணம் அரைகுறை. ஆனால் அவர்கள் வேலை நேரத்தில் குறுக்கே நிற்காதீர்கள். பூஜை முடிந்து, வாத்தியத்தை உறையில் போட்டுவிட்டு வெளியே வரும்போது வணக்கம் சொல்லி, “ஐயா, உங்களோடு கொஞ்சம் பேசலாமா?” என்று கேளுங்கள். படத்தைப் பற்றியே எடுத்த எடுப்பில் தொடங்க வேண்டாம். அவர்கள் குருநாதர் யார், எந்த ஊர் வழி என்று கேட்டால் முகம் மலரும். படம் தானாகப் பேச்சில் வந்துவிடும்.

வாசித்துக் காட்டச் சொன்னால் சன்மானம் கொடுக்க வேண்டும். அது அவர்கள் தொழில். வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்துக் கொடுப்பது மரியாதை. ரெக்கார்டு செய்வதற்கும் போட்டோ எடுப்பதற்கும் முன்னால் கேட்டுவிடுங்கள், எங்கே போடப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பழைய நாட்டியக் குடும்பங்களைப் பற்றி விசாரிக்கும்போது மிகுந்த கவனம் தேவை. யாருடைய பாட்டி யார் என்று தெருவில் நின்று கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாததைத் தோண்டுவது எந்த ஆராய்ச்சிக்கும் தேவையில்லை.

எப்போது போவது

பங்குனியில் தேர், அதற்கேற்ற கூட்டமும் வெயிலும் இருக்கும். ஐப்பசியில் சிக்கலில் சஷ்டி, ஆனால் டெல்டாவில் அது மழைக்காலம். குடையும் ஒரு நாள் கூடுதல் அவகாசமும் வைத்துக்கொள்ளுங்கள். நிதானமாகப் பார்க்க ஏற்றது தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. எந்த மாதமானாலும் நண்பகலிலிருந்து மாலை 4 மணிவரை கோயில் நடை சாத்தியிருக்கும். அந்த நேரத்தை நரசிங்கம்பேட்டைப் பட்டறைக்கோ ஊர்ப் பயணத்துக்கோ ஒதுக்குங்கள். கோயிலுக்கு வேட்டி, புடவை, சுடிதார் போன்ற உடையில் போனால் எங்கும் தடை இருக்காது.

எல்லாவற்றையும் சேர்த்து நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். திருவாரூருக்கு இரண்டு, சிக்கலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஒன்று, தஞ்சாவூரும் நரசிங்கம்பேட்டையும் ஒரு நாளில் இறுக்கமாக அடங்கும். இரண்டே நாள்தான் உண்டென்றால் தஞ்சாவூரை விட்டுவிடுங்கள். பெரிய கோயிலுக்கு எப்படியும் ஒருநாள் போய்விடுவீர்கள், சிக்கலுக்கென்று இன்னொரு முறை கிளம்புவது கடினம்.

திரும்பி வந்த வாரத்திலேயே நோட்டைச் சுத்தமாக எழுதிவிடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் பார்த்த தேதி, சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயர், படத்தில் அல்லது நாவலில் எந்த இடம், உறுதியா அல்லது ஊகமா என்ற நான்கும் இருந்தால், அடுத்து அதே பாதையில் போகிறவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியும்.